பலகையில் ஒரே பெயர்

மணலில் புதைந்த வலையின் நுனியைக் கால் பெருவிரலால் நெம்பி வெளியே இழுக்கிறாள் கிருபை. கண்ணிக்குள் ஒரு நண்டு மாட்டியிருக்கிறது. நைலானைப் பல்லால் கடித்து அறுத்து அதை விடுவிக்கிறாள். "போலே, இனிமே இங்கன வராத." நண்டோடு பேசுவாள், நாயோடு பேசுவாள், கரை ஒதுங்கிய ஒற்றைச் செருப்போடும் பேசுவாள். மனிதர்களிடம் அவ்வளவு பேச்சில்லை.

கீழவைப்பார் கரையில் ஒதுங்கும் அறுந்த வலைகளைப் பொறுக்கி ஆமை, திருக்கை, கடல்பசு என்று பெரிது பெரிதாகச் செய்கிறாள். காகிதத்தில் வரைய வராது. குதிகாலால் மணலில் கோடிழுத்து, அதன்மேல் மூங்கில் பிளாச்சுகளை வளைப்பாள். உருவத்துக்குக் கண் வைக்கும் நாளில் மட்டும் நல்ல சேலை உடுத்துவாள். ஏனென்று கேட்டால், "அது நம்மளத்தான மொதல்ல பாக்கும்" என்பாள்.

முன்பு இந்த வேலைக்கு இரண்டு பேர். உருவம் கிருபையுடையது. அதன்மேல் வலையை இழுத்து, தோலின் சுருக்கம்கூடத் தெரியும்படி முடிச்சுப் போட்டவள் பக்கத்து வீட்டு மெட்டில்டா. சுற்றுச்சூழல் கலை செய்யும் பெண்களுக்குச் சென்னையில் ஓர் அறக்கட்டளை நிதி தருகிறது என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தார்கள். கலைஞர் பெயர் என்று ஓர் இடம்தான் இருந்தது. "ஒன் பேரயே போடு, ஏளா. பேர வச்சி நான் என்ன செய்யப்போறேன்" என்று சிரித்தாள் மெட்டில்டா. நிதி வந்தது. இருவருமாக ஒரு கடல்பசுவைச் செய்து தூத்துக்குடிக் கண்காட்சிக்குக் கொண்டுபோனார்கள்.

கடல்பசுவின் பக்கத்தில் வைத்த பலகையில் கிருபையின் பெயர் மட்டும் இருந்தது. அது மெட்டில்டாவுக்குத் தெரிந்ததுதான். அறக்கட்டளையிலிருந்து வந்த அம்மாள் மெட்டில்டாவைக் காட்டி, "இவங்க யாரு?" என்று கேட்டார். ஒருத்தி செய்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டோமே என்ற பயத்தில் கிருபையின் வாயிலிருந்து சட்டென்று வந்துவிட்டது: "கூடமாட ஒத்தாசைக்கு வாரவ."

மெட்டில்டா கடல்பசுவின் வாலில் தொங்கிய நூல் ஒன்றை உள்ளே செருகிவிட்டு, தனியாகப் போய் பஸ் ஏறினாள்.

மறுவருடம் கிருபை அறக்கட்டளையிடம் உண்மையைச் சொன்னாள். அவர்கள் கோபிக்கவேயில்லை. இரண்டு பெயரும் போடலாமே, அப்போதே கேட்டிருக்கலாமே என்றார்கள். அதுதான் அவளை இன்னும் அறுக்கிறது. அதைச் சொல்ல மெட்டில்டாவின் வீட்டுக்கு ஓடினாள். அதற்குள் மெட்டில்டா இறால் கம்பெனிக்குப் போகத் தொடங்கியிருந்தாள். வாசலில் நிற்கவைத்தே பதில் சொன்னாள்: "ஒத்தாசைக்கு வாரவ பேரு அங்கன எதுக்கு?"

"சிநேகிதின்னாவது சொல்லியிருக்கலாம்" என்கிறாள் கிருபை, பேட்டிக்கு வந்திருக்கும் என்னைப் பார்க்காமல். "அந்தம்மா சும்மாதான் கேட்டாவ."

இந்த வருடத்துக் கடல்பசுவைத் தனியாகச் செய்கிறாள். தோல் படியவில்லை. வயிற்றுப் பக்கத்தை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுகிறாள்.

பத்திரிகைக்குப் படம் வேண்டுமென்று கைப்பேசியைத் தூக்கினேன். உருவத்தை ஒட்டி நின்றவள், ஓர் ஆள் நிற்கும் அளவு இடம் விட்டு விலகி நின்றாள்.

"கிட்ட வந்து நில்லுங்கக்கா. நடுவுல காலியா தெரியுது."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கேமராவைப் பார்த்தாள். நகரவில்லை.