நண்டு சொல்லட்டும்: அக்கரப்பத்தனையில் ஒரு பீலி

மார்ச் மாதம் ஹட்டனில் நான் தங்கியிருக்கும் அறைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வந்தது. "எங்க லயத்துப் பீலி இந்த வெயில்லயும் ஓடுது, வந்து பாருங்க" என்றார் என்னோடு படிப்பிக்கும் ஜெயந்தி. லயம் என்பது தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள், பீலி என்பது ஊற்றுநீர் கொட்டும் குழாய். வெள்ளிக்கிழமை பௌர்ணமிப் போயா விடுமுறையாக வந்ததால் அவரோடு அவர் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டேன். என் ஊர் யாழ்ப்பாணம், பாடம் விஞ்ஞானம். எங்கே போனாலும் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிப்பேன் என்பதால் ஆசிரியர் அறையில் எனக்கு 'கேத்தல் டீச்சர்' என்று பெயர்.

காலை 7.10க்கு ஹட்டனில் பஸ். தலவாக்கலையில் இறங்கி அடுத்த பஸ்ஸைப் பிடித்து, பத்து மணி அளவில் அக்கரப்பத்தனை. இரண்டுக்கும் சேர்த்து 250 ரூபாய். அங்கிருந்து நான்கு கிலோமீட்டர் ஓட்டோவில், 600 ரூபாய்.

"பீலி பாக்கவா இம்புட்டு தூரம் வந்தீங்க?" என்று ஓட்டோக்காரர் சிரித்தார். "வழியில பெரிய அருவியே இருந்துச்சே டீச்சர்!"

அவர் சிரித்ததில் தப்பில்லை. பார்ப்பதற்குப் பீலி ஒன்றும் பெரிதில்லை. தேயிலை மலை நடுவே வெட்டாமல் விட்ட கொஞ்சம் காட்டு மரங்கள். அவற்றின் அடியில் பாறைப் பொந்து ஒன்றிலிருந்து கசியும் நீர் ஒரு சின்னக் குழியில் தேங்கி, மூங்கில் வழியாகக் கொட்டுகிறது. இருபத்திரண்டு வீடுகளுக்குக் குடிநீர் இதுதான். வீட்டுக்கு ஒரு மாதம் என்று முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். அந்த மாத முறை ஜெயந்தியின் அண்ணி பாக்கியத்துடையது. கொழுந்து பறிப்பவர், அதிகம் பேசாதவர். செருப்பைக் கழற்ற வேண்டும், குழிக்குப் பக்கத்தில் சவர்க்காரம் கூடாது, அந்த மரங்களில் ஒரு சுள்ளிகூட ஒடிக்கக் கூடாது என்று அன்று பின்னேரமே சொல்லித் தந்தார். நண்டைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே அவருக்குத் தோன்றியிருக்காது.

சனிக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு முகம் கழுவத் தனியாகப் போனேன். குழிக்குள், பொந்து வாசலில் ஒரு நண்டு. நாங்கள் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள். கிணற்றில் தவளை விழுந்தால் வாளி விட்டு எடுத்துவிட்டுத்தான் மறுவேலை. நானும் பெரிய உபகாரம் செய்யும் நினைப்பில் அதைக் கோப்பையால் அள்ளி, மேலே பாசி பிடித்த கல்லில் விட்டுவிட்டு வந்தேன்.

பால் விடாத பிளேன்டி குடித்துக்கொண்டிருக்கும்போது வெளியே சத்தம் கேட்டது. பாக்கியம், கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கை, யாரும் தண்ணீர் பிடிக்காதபடி மூங்கில் மேல் விரித்துப் போட்டிருந்தார். பெண்கள் நிரப்பிய குடங்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நண்டு மேல ஏறிருச்சி" என்றார் ஜெயந்தி, பதறிப்போய். மூன்று நாளைக்கு முன்தான் மேல்மலையில் புல் சாக மருந்து அடித்தார்களாம். மருந்து ஊற்றில் இறங்கினால் முதலில் வெளியே வருவது நண்டுதான். இரவில் அது எங்கே திரிந்தாலும் விடியும்போது உள்ளே இருக்க வேண்டும். இல்லையென்றால் அன்று யாரும் அந்தத் தண்ணீரைத் தொடுவதில்லை.

எல்லோருக்கும் முன்னால் போய் நின்றேன். "அக்கா, அதை நான்தான் எடுத்து வெளியில விட்டனான். தண்ணியில ஒரு பிழையும் இல்லை. திருப்பி உள்ளுக்கு விட்டுவிடுறன்."

பாக்கியம் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் சுட்டது.

"வேணாங்க டீச்சர். நீங்க எடுக்காட்டியும் அது ஏறியிருக்குமோ என்னமோ, யாருக்குத் தெரியும்? கையால தூக்கி உள்ள வுட்டா அது நாம சொல்றது. நண்டு சொல்லட்டும்."

கீழே ஆற்றோரக் குழாய்க்கு அறுநூறு மீட்டர். இறங்குவது சுகம், குடத்தோடு ஏறுவதுதான் பாடு. பெண்கள், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நேரமாகிவிட்டதே என்று ஓடி ஓடிச் சுமந்தார்கள். அவர்கள் வேலைக்குப் போன பிறகு நானும் ஜெயந்தியும் சுமந்தோம். பன்னிரண்டரை பஸ்ஸை விட்டுவிட்டேன். எந்த முகத்தோடு ஏறுவது? தண்ணீரின் நிலையைக் காட்டும் உயிரினங்கள் என்று பதினொரு வருடமாகக் கரும்பலகையில் எழுதிவருபவள் நான். கண்முன்னால் ஒன்று வேலை செய்துகொண்டிருந்தபோது கோப்பையால் அள்ளி எறிந்துவிட்டேன். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பது சும்மாவா.

நண்டு அந்தக் கல்லின் கீழ் நிழலிலேயே இருந்தது. தூரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். நாலு இருபதுக்கு மெல்ல இறங்கிக் குழிக்குள் போனது. நான் துள்ளி எழுந்தேன். வேலை முடிந்து வந்த பாக்கியம் கேட்டுவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார். "விடியறப்பவும் இருக்கணும்ல?"

ஞாயிறு விடியற்காலை பாக்கியம் என்னை எழுப்பினார். பீலியில் டோர்ச்சை என் கையில் தந்தார். "நீங்களே பாத்துச் சொல்லுங்க."

குனிந்து பார்த்தேன். பொந்து வாசலில் இரண்டு கொடுக்கும் இரண்டு கண்ணும் தெரிந்தன.

"உள்ளுக்குத்தான் இருக்கு, அக்கா."

அவர் குனிந்து சரிபார்க்கவில்லை. படங்கை இழுத்து எடுத்தார், முதல் கை நீரைத் தானே குடித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

போக நினைப்பவர்களுக்கு: லயத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், அதனால் எழுதவில்லை. இந்தப் பக்கம் பீலி இல்லாத தோட்டம் குறைவு. அங்கே யாரையாவது தெரிந்திருந்தால் அவர்களோடு போங்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு, பன்னிரண்டரையை விடாதீர்கள். மார்ச்சிலும் இரவில் கம்பளி வேண்டும். ஓடும் தண்ணீருக்குள் எதைக் கண்டாலும், அது ஏன் அங்கே இருக்கிறது என்று ஊர்க்காரரிடம் கேட்காமல் கைவைக்காதீர்கள்.

புறப்படும்போது பாக்கியம் பீலித் தண்ணீர் ஒரு போத்தல் தந்தார். நான் செய்ததுபோல் நீங்களும் செய்யுங்கள் என்று ஒரு விஞ்ஞான ஆசிரியை எழுதக் கூடாது. ஆனால் தலவாக்கலை வந்து சேருமுன் போத்தல் காலி. கேத்தல் ஞாபகமே வரவில்லை.