இருநூற்றுப் பதினோராவது சுவர்

காலை ஒன்பதேகால் மணிக்கு, இருநூற்றுப் பதினோராவது சுவரில் நான் முட்டிக்கொண்டிருந்தபோது, ஹான் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். முட்டியது திரையில் இருந்த கதாநாயகன், சம்பளம் எனக்கு. வீடியோ கேம் சோதிப்பவனின் தொழில் இதுதான். ஊரார் விளையாடி ஜெயிப்பதற்கு முன்னால், ஒருவன் உட்கார்ந்து எல்லாச் சுவரிலும் முட்டிப் பார்த்து, எதிலாவது உடம்பு உள்ளே புகுந்துவிடுகிறதா என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

மெய்ப்புத் திருத்துகிறவர்கள், தணிக்கைக்காரர்கள், விடைத்தாள் கட்டோடு பஸ் ஏறும் ஆசிரியர்கள், இப்படி அடுத்தவர் தவறைக் கண்டுபிடித்துச் சாப்பிடும் எல்லோருக்கும் என் நிலைமை புரியும். சரியாக இருந்த எதற்காகவும் நம்மை யாரும் கூப்பிட்டதில்லை. அந்தச் சுவருக்குக் கடைசியில் வருகிறேன்.

வயது என்ன?

திருச்சியில் ஒரு நாளிதழில் இருபத்திரண்டு ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்தேன். என் மனைவிக்கு வியட்நாமில், சைகோன் நகரத்தின் தாவோ தியென் பக்கம் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. கூடவே போனேன். மூன்று மாதம் காபி குடித்தேன். நாலாவது மாதம், ஒரு கேம் நிறுவனத்தில் ஆங்கில வசனங்களுக்குப் பிழை பார்க்க ஆள் தேடினார்கள். தலைமை அலுவலகம் வெளிநாட்டில். படம் வரைவது, நிரல் எழுதுவது, சோதிப்பது ஆகிய வேலைகளில் பெரும்பகுதி சைகோனில் நடந்தது. வசனம் தீர்ந்ததும் எனக்குச் சுவர்களைக் கொடுத்தார்கள்.

ஹான் ஓவியப் பிரிவின் தலைவி. முதல் நாள் என் பெயரைக் கேட்கவில்லை, வயதைக் கேட்டாள். வயது தெரியாமல் அங்கே ஒருவரை எந்த முறை வைத்துக் கூப்பிடுவது என்று முடிவு செய்ய முடியாது. ஐம்பத்தொன்று என்றேன். ஒரு நிமிடம் யோசித்தாள். "எங்கப்பாவைவிடச் சின்னவர். அப்ப நீங்க 'சூ', அதாவது சித்தப்பா. நான் ஏதாவது தப்பு பண்ணியிருந்தா நேரா எங்கிட்ட சொல்லுங்க சூ. எந்தச் சித்தப்பாவும் எழுதிக் கொடுக்க மாட்டார்."

காணாமல் போன படகு

நாங்கள் வேலை செய்த கேம் தொடருக்கு 'தீவு' என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஏழு பாகங்கள் வெளிவந்துவிட்டன, எட்டாவது தயாராகிக்கொண்டிருந்தது. பழைய பாகங்களையும் விளையாடிப் பார்க்கச் சொன்னார்கள். முதல் பாகத்தில் கடற்கரை ஓரத்தில் ஒரு படகு, எலும்புக்கூடாக, பாதி கட்டிய நிலையில் கிடந்தது. கதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டாம் பாகத்தில் அதற்கு நாலு பலகை கூடியிருந்தது. ஐந்தாம் பாகத்தில் பாய்மரம் வந்துவிட்டது. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஆறாம் பாகத்தில் படகே இல்லை.

விழிப்பான சோதனையாளன் என்ற பெருமையோடு, 'ஆறாம் பாகத்தில் படகு விடுபட்டுள்ளது' என்று எழுதிக் கொடுத்தேன். நிரல் எழுதும் பிரகாஷ் சென்னைப் பையன். அலுவலகத்தில் எனக்கு இருந்த ஒரே தமிழ்த் துணை. அறிக்கையை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தான். ஏழாம் பாகத்தைத் திறந்து, மலை உச்சிக்கு ஏறி, கடலின் விளிம்பைப் பெரிதாக்கிக் காட்டினான். அங்கே நகம் அளவுக்கு ஒரு வெள்ளைப் பாய். ஏழு பாகங்களுக்கு ஒருவர் பொறுமையாக இருந்து, ஒரு படகைக் கட்டி அனுப்பியிருக்கிறார். நாளிதழில் மறுநாள் காலைக்கு மேல் எதையும் யோசித்துப் பழகாதவன் நான். பிரகாஷ் சொன்னான்: "அது மிஸ் ஆவல சார். கெளம்பிப் போயிருக்கு."

ஞாபகமுள்ள ஆடு

இப்படி யாரிடமும் சொல்லாமல் ஆட்டத்துக்குள் ஒளித்து வைப்பதை ஈஸ்டர் முட்டை என்கிறார்கள். பிரகாஷும் ஐந்தாம் பாகத்தில் ஒன்று இட்டிருந்தான். தீவில் மழை பிடித்தால் எல்லோரும் கூரை தேடி ஓடுவார்கள். ஓடாமல் கிணற்றடியில் நனையும் ஆட்டுக்குப் பக்கத்தில் நின்றால், ஒன்றும் நடக்காது. ஆனால் ஆறாம் பாகத்தில் அந்த ஆடு உங்களை அடையாளம் கண்டு பின்னாலேயே வரும். அதற்காக, பழைய பாகத்தை ஆடியவர் கணினியில் சேமித்து வைத்த ஆட்டத்தைத் தேடிப் படிக்கும் நிரலை, சாப்பாட்டு இடைவேளைகளில் எழுதினானாம்.

எத்தனை பேர் ஆட்டோடு நனைந்தார்கள் என்று கேட்டேன். "அது தெரியணும்னா நான் ஏன் சார் ஒளிச்சு வெக்கிறேன்?"

சிவப்பு ஸ்டூல்

எட்டாம் பாகத்தில், வலை காயப்போடும் கொட்டகைக்குப் பின்னால், குட்டையான சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றைப் பார்த்தேன். சைகோன் நடைபாதையில் ஊரே அதில் உட்கார்ந்துதான் காபி குடிக்கிறது. ஆனால் தீவின் கதை பிளாஸ்டிக் பிறப்பதற்கு வெகுகாலம் முந்தியது. 'காலத்துக்குப் பொருந்தாத பொருள். அடிப்பக்கத்தில் கிறுக்கல்கள். நீக்கவும்' என்று படத்தோடு அறிக்கை அனுப்பினேன். எங்கள் அறிக்கைகள் தலைமை அலுவலகத்துக்கும் நேராகப் போகும். மறுநாளே உத்தரவு வந்தது: ஸ்டூலை எடுங்கள், இனி எதுவும் ஒளிக்கக் கூடாது, மீறினால் இந்தத் தொடர் சைகோனுக்குக் கிடையாது.

பிறகுதான் தெரிந்தது: நாலாம் பாகத்தில் வேலை சைகோனுக்கு வந்த நாளிலிருந்து, பாகத்துக்கு ஒரு ஸ்டூல் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். கிறுக்கல் என்று நான் எழுதியது முப்பத்தொரு பெயர்கள். அந்த அலுவலகத்தில் இருந்த அத்தனை பேரும். பெரிதாக்கிப் படிக்க எனக்குத் தோன்றவில்லை. ஹான் சத்தம் போடவில்லை. தன் கையாலேயே ஸ்டூலை அழித்துவிட்டு வந்து நின்றாள். "நேரா எங்கிட்ட சொல்லுங்கன்னுதானே சொன்னேன் சூ."

இருபது நிமிடப் பட்டியல்

ஆட்டம் முடிந்ததும் உழைத்தவர்களின் பெயர்கள் திரையில் ஓடும். 'தீவு' பட்டியல் இருபது நிமிடம். அதில் சைகோன் கிடையாது. வெளியே கொடுத்து வாங்கும் வேலைக்குப் பெயர் இல்லை என்று ஒப்பந்தத்தில் இருந்தது. ஏழாம் பாகம் வந்தபோது ஹான் தன் அம்மாவை உட்கார வைத்து, கடைசிச் சண்டை வரை விளையாடிக் காட்டினாள். கோட்டையைக் காட்டி நான் வரைந்தது என்றாள், கடலைக் காட்டி நான் வரைந்தது என்றாள். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு இருபது நிமிடமும் பெயர்ப் பட்டியலைப் படித்தார். சாப்பாடு கொண்டுவந்தவர்கள், ஆட்டம் தயாரான சமயத்தில் அங்கே வேலை செய்தவர்களுக்குப் பிறந்த குழந்தைகள், தலைமை அலுவலகத்தில் வளரும் நாய், எல்லோரும் இருந்தார்கள்.

அன்றிலிருந்து, மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனி என்று மட்டும் சொல்கிறாராம். இதைச் சொல்லும்போது ஹான் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. "அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க சூ. 'அந்த நாய் படம் வரையுமா?'"

த்ருவோங் டின் தெருவில்

அந்த வெள்ளிக்கிழமை த்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். ஊதுபத்தியும் கையுமாக வருகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்கள். அம்மனைக் கும்பிட்டுவிட்டு, கருவறைக்குப் பின்னால் போய், கற்சுவரில் நெற்றியை அழுத்தி, தங்கள் குறையை அதனிடம் முணுமுணுப்பார்கள். நம் ஊரில் நான் பார்த்ததில்லை. வரிசையாக ஏழெட்டு நெற்றிகள். அதில் ஒன்று ஹானுடையது.

தொழில் புத்தி, நானும் பக்கத்தில் போய் நெற்றியை வைத்தேன். கல் குளிர்ச்சியாக இருந்தது. முன்னால் நின்று சொல்லாமல் ஏன் இங்கே என்று பிறகு கேட்டேன். முன்னால் சொன்னால் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் கேட்கும், சுவர் வெளியே சொல்லாது என்றாள். அவள் அம்மா செருப்பு மாட்டிக்கொண்டு வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். ஹான் ஏதோ சொல்ல, அவர் ஏதோ கேட்டார். அதை ஹான் தயங்கித் தயங்கி எனக்குச் சொன்னாள். "'ஸ்டூலை எடுத்தவர் இவர்தானா? பார்த்தா நல்ல மனுஷன் மாதிரி இருக்காரே'ன்னு கேக்கிறாங்க."

இருநூற்றுப் பதினொன்று

ஆட்டத்தை மூடி முத்திரையிட இரண்டு வாரம் இருந்தது. தீவின் வடகோடியில் ஓர் இடிந்த கோயில். அதன் பின்சுவர் என் பட்டியலில் இருநூற்றுப் பதினொன்று. ஒரு சுவரில் மூன்று விநாடி முட்டினால் போதும். அன்று காலை மேசையில் சொட்டுக் காபி இறங்கிக்கொண்டிருந்தது. கன்ட்ரோலரை ஒரு கையில் அழுத்திப் பிடித்தபடி, டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். நிமிர்ந்தபோது கதாநாயகன் தலையைக் குனிந்து, சுவரில் நெற்றியை வைத்து நின்றான். எட்டுப் பாகங்களில் அவன் அப்படி நின்றதில்லை. விரலை எடுக்கவில்லை. காபி இறங்கி முடிந்தது. கல்லில் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. வரைந்தது ஹான், தலையைக் குனிய வைத்தது பிரகாஷாகத்தான் இருக்க வேண்டும், அவன் இரண்டு நாளாக என் பக்கம் திரும்பவே இல்லை.

அப்போதுதான் ஹான் வந்து பின்னால் நின்றாள். தலைமை அலுவலகத்துக்குத் தெரிந்தால் முப்பத்தொரு பேருக்கும் இந்த வேலை போய்விடும். படிவத்தில் என் பெயருக்கு எதிரே ஒரே கேள்வி: சுவர் ஆளைத் தடுத்து நிறுத்துகிறதா? நிறுத்தியது. ஐந்து நிமிடமாக நிறுத்திக்கொண்டிருந்தது. 'நிறுத்துகிறது. பிழை இல்லை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அனுப்பினேன். அவள் மூச்சு விட்டது கேட்டது. "பெயரெல்லாம் கடைசி வரைக்கும் படிச்சீங்களா சூ? இந்தத் தடவை முப்பத்திரண்டு."

இருபத்திரண்டு ஆண்டு நாளிதழில் ஒரு நாளும் அச்சேறாத என் பெயர், பிழை இருந்தும் இல்லை என்று நான் எழுதிக் கொடுத்த ஒரே சுவரில் ஏறியது. எட்டாம் பாகம் வெளியான அடுத்த ஆண்டு மார்ச் ஒன்பதாம் தேதி, கன்ட்ரோலரை முட்டுக் கொடுத்து வைத்துவிட்டுத் தேநீர் போடப் போன ஓர் ஆட்டக்காரர், திரும்பி வந்து பார்த்து, அந்தச் சுவரைப் படமெடுத்து உலகத்துக்குக் காட்டினார். தலைமை அலுவலகத்துக்கு ஆயிரக்கணக்கில் பாராட்டுக் கடிதங்கள் போயின. சுவரை இடிக்கச் சொல்லி எங்களுக்கு எந்த உத்தரவும் வரவில்லை. அதற்கு மறு ஆண்டு அக்டோபர் பதினேழாம் தேதி ஒன்பதாம் பாகம் வெளியானது. முடிவுப் பட்டியலில் நாங்கள் முப்பத்திரண்டு பேரும் இருந்தோம், நாய்க்குக் கீழே.