காக்காய்களுக்குத் தெரிந்த முகம்

அந்தத் தீவுக்கு விமானத்தில் வந்து இறங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது ஒரு போஸ்டரை. ‘பறவைகளின் சொர்க்கம் உங்களை வரவேற்கிறது’ என்று ஆளுயர எழுத்தில் போட்டிருக்கும். பறவைகளைச் சொர்க்கத்துக்கு அனுப்பிவைக்கிற வேலை டுமீலுடையது.

டுமீல் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. விமான நிலையத்தில் பதினோரு வருஷமாகப் பறவை சுடுகிற மனிதரை வேறெப்படிக் கூப்பிடுவது? ஆபீஸ் குமாஸ்தா ஒருமுறை மறதியாக வருகைப் பதிவேட்டிலேயே அப்படி எழுதிவிட்டார். டுமீலும் மறுபேச்சில்லாமல் அதற்கு நேராகக் கையெழுத்துப் போட்டார்.

ஒற்றை ஓடுபாதை. ஒரு முனையில் கடல், மறுமுனையில் சுவருக்கு அந்தப்பக்கம் ஓட்டல்களெல்லாம் எச்சில் இலை முதல் இறால் தோல் வரை கொண்டுவந்து கொட்டுகிற குப்பைமேடு. இதைவிட வசதியான இடம் வேண்டுமென்றால் பறவைகள் சொந்தமாகக் கட்டிக்கொண்டால்தான் உண்டு. விடிந்ததும் டுமீல் ஜீப்பில் ஹாரனை அலறவிட்டபடி ஓடுபாதையை ஒரு சுற்று சுற்றுவார். நகராதவற்றுக்கு வேட்டு. வேட்டுக்கும் அசையாத தைரியசாலிகளுக்கு இரட்டைக்குழல் துப்பாக்கி. விழுந்து துடிப்பவற்றின் கழுத்தைத் திருகி, வாளியில் போட்டு, மேலே சாக்கைப் போட்டு மூடிவிட வேண்டும். “பயணி கண்ணுல ஒரு இறகு பட்டாலும் உங்க வேலை போயிரும்” என்பது மேனேஜரின் நித்திய ஆசீர்வாதம்.

ஆனால் அந்த வேலை முழுசாக அவர் கையில் இருந்ததே இல்லை. ஆறு மாசத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கொக்கு எஞ்சினுக்குள் போய், விமானம் தீயைக் கக்கிக்கொண்டு திரும்பி வந்தது. ஓய்வெடுக்க வந்திருந்த ஜனங்கள் ஒருவர் முதுகில் ஒருவர் மிதித்து இறங்கினார்கள். ஒரு தாத்தாவின் விலா எலும்பு முறிந்தது. கடைசியாக இறங்கிய தடித்த ஆசாமி, “பறவைய விரட்ட வேண்டியவன் எவன்டா?” என்று கேட்டார். டுமீல் நல்ல பிள்ளையாகக் கையைத் தூக்கினார். விட்ட ஒரே குத்தில் முன்பல் இரண்டும் தார்த்தரையில் விழுந்தன.

அதற்கப்புறம்தான் மேலிடம் ஒரு கணக்குச் சொன்னது. தொடர்ந்து நூறு நாள் ஒரு விமானத்தின்மேலும் ஒரு பறவையும் மோதாமல் இருந்தால் டுமீல் நிரந்தரம். அந்த நூறு நாளை அவர் மூன்று தடவை ஆரம்பித்துவிட்டார். ஒருமுறை எண்பத்திரண்டில் ஒரு நாரையால் போனது. இந்தத் தடவை தொண்ணூற்றாறு வரைக்கும் வந்தாயிற்று.

மிச்ச நாலு நாளுக்குக் குறுக்கே நின்றவை காக்காய்கள்.

காக்காய் முகத்தை மறப்பதில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் டுமீல் ஒரு ஜோடியைச் சுட்டார். ஒன்று செத்தது. இன்னொன்று ஒரு காலை மட்டும் விட்டுவிட்டுப் பறந்துபோனது. அதற்கு அவரே நொண்டி என்று பெயர் வைத்தார். நொண்டி ஊரைக் கூட்டிவிட்டது. டுமீல் ஜீப்பைவிட்டு இறங்கினால் போதும், கறுப்பாக வந்து மண்டையில் கொத்தும். குறி பார்க்க ஒரு கண்ணை மூடினால் மறு கண்ணுக்கு ஆபத்து. மீன்கடைக்குப் போனாலும் கூடவே வரும். அவர் மனைவி பத்தடி பின்னால்தான் நடப்பாள். “யாரோ தெரியாத ஆளு மாதிரி வரேன். நீங்க பாட்டுக்குப் போங்க” என்பாள்.

மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் போட்டுப் பார்த்தார். கண்ணாடி ஆவியடித்து, காற்றின் திசை காட்டும் துணிப்பையைச் சுட்டுக் கிழித்ததுதான் மிச்சம்.

தொண்ணூற்றேழாம் நாள் காலையில் மச்சானைத் தேடிப் போனார். மனைவியின் தம்பி. அவனுக்கும் விமான நிலையத்தில்தான் வேலை. சுற்றுலாத் துறையின் சின்னமான சிரிப்புப் பறவையின் வேஷத்தை மாட்டிக்கொண்டு, குளிரூட்டிய வருகைக் கூடத்துக்குள் நின்று விருந்தாளிகளைக் கட்டிப்பிடிப்பது. அண்டா அளவுக்கு நீலத் தலை, மஞ்சள் அலகு, அலகுக்குள் முப்பத்திரண்டு பல். பறவைக்கு ஏது பல் என்று கேட்டவரைத் துறை வேறு ஊருக்கு மாற்றிவிட்டது.

“மாப்ள, உன் தலையக் கொஞ்சம் குடுடா.”

“எதுக்கு மாமா?”

“காக்காய்க்கு என் மூஞ்சியப் பிடிக்கல.”

“காக்காய்க்கு மட்டும்தானா?”

“டேய், நாலே நாளு. காலையில எடுத்துட்டுப் போய் ஒன்பது மணி ப்ளேனுக்குள்ள கொண்டாந்துர்றேன்.”

“ரத்தம் கித்தம் படாம பாத்துக்குங்க மாமா. கழுவுனா சாயம் போயிரும். அப்புறம் அக்காகிட்ட நீங்கதான் பதில் சொல்லணும்.”

முதல் மூன்று காலையும் ஓடுபாதையில் நடந்ததைப் பயணி எவராவது பார்த்திருந்தால் தீவுப்பக்கம் தலைவைத்துப் படுத்திருக்க மாட்டார். ஈயென்று இளித்தபடி ஒரு நீலத் தலை நடந்து வரும். பல்லிடுக்கில் இரண்டு கண். அலகுக்குக் கீழே இரட்டைக்குழல். டுமீல். டுமீல். காக்காய்களுக்கு ஒன்றும் புரியவில்லை. முதல் நாள் ஒன்று சிநேகமாக வந்து அந்தத் தலைமேலேயே உட்கார்ந்தது. அதைக் கையால் எட்டிப் பிடித்துத் தரையில் அடித்தார். மூன்று நாளில் முப்பத்தெட்டு. வாளி போதாமல் ஜீப்பின் பின்சீட்டெல்லாம் இறகும் ரத்தமும்.

மூன்றாம் நாள் காக்காய்கள் கத்தவில்லை. சுவர்மேல் வரிசையாக உட்கார்ந்து, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து, அந்த நீல மண்டையையே பார்த்துக்கொண்டிருந்தன. நடுவில் நொண்டி.

“பயந்துட்டானுங்க” என்று டுமீல் டவருக்கு வாக்கி-டாக்கியில் சொன்னார். பதினோரு வருஷ அனுபவத்தில் அவர் செய்த ஒரே தப்பு அதுதான். அவை பயப்படவில்லை. பாடம் படித்துக்கொண்டிருந்தன.

நூறாம் நாள். ஒன்பது மணி விமானத்தில் மேலிடத்துப் பெரிய அதிகாரியே வருகிறார். ஆர்டரைத் தன் கையாலேயே கொடுக்கப்போகிறாராம். டுமீல் எட்டே முக்காலுக்குத் தலையைத் துடைத்து மச்சானிடம் ஒப்படைத்துவிட்டு, பாதையோரம் ஜீப்பில் உட்கார்ந்துகொண்டார். மேனேஜருக்கு அன்றைக்கென்று ஒரு யோசனை உதித்தது. “கூடத்துக்குள்ள எதுக்கு? வெளிய வா. படிக்கட்டுக்குக் கீழயே நின்னு ஐயாவைக் கட்டிப்பிடி.”

விமானம் அலுங்காமல் இறங்கியது. கதவு திறந்தது. அதிகாரி முதல் படியில் காலை வைத்தார். மச்சான் நீலச் சிறகு இரண்டையும் விரித்துக்கொண்டு வெயிலுக்கு வந்தான்.

நொண்டி ஒரே ஒரு குரல் கொடுத்தது.

குப்பைமேடே எழுந்து வந்ததுபோல் இருந்தது. இருநூறோ முந்நூறோ. முதல் வீச்சிலேயே மச்சான் மல்லாந்தான். பல்லிடுக்கு வழியாக அலகுகள் உள்ளே போயின. “அம்மா! கண்ணு! கண்ணு!” என்று அவன் உள்ளேயிருந்து போட்ட கூச்சல் கேட்டது. எழுந்து கண்மண் தெரியாமல் சிறகை வீசியதில் ஒன்று பெரிய அதிகாரியின் மூக்கில் விழுந்து ரத்தம் கொட்டியது. படிக்கட்டில் இருந்தவர்கள் மேலே ஏறவும், உள்ளே இருந்தவர்கள் கீழே இறங்கவும் முண்டியடித்தார்கள். அமைதி தேடி வந்த ஒரு அம்மாள் முன்னால் நின்றவரின் பிடரியில் கேமராவால் அடித்தார். அவர் திரும்பி, சம்பந்தமே இல்லாத ஒருவரின் தாடையில் குத்தினார்.

டுமீல் துப்பாக்கியைத் தூக்கினார். எங்கே சுடுவது? காக்காய்க்கும் மச்சானுக்கும் நடுவில் விரலளவு இடமில்லை.

வாக்கி-டாக்கி அலறியது. “டுமீலு! அடுத்த ப்ளேன் ஆறு நிமிஷத்துல இறங்குது! எண்ணெய் கம்மி, திருப்பி அனுப்ப முடியாது! காக்கா பூரா பாதை மேல சுத்துது! என்னமாவது செய்யுய்யா!”

டுமீல் துப்பாக்கியை ஜீப்பில் போட்டுவிட்டு ஓடினார். கறுப்புக் குவியலுக்குள் கையை விட்டு, மச்சானின் நீலத் தலையைப் பிடுங்கி, விமானத்துக்கு அடியில் உருட்டிவிட்டார். உள்ளே இருந்த முகம் ரத்தத்தில் ஊறியிருந்தது. பிறகு தன் தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு, ஆகாயத்தைப் பார்த்து முகத்தைக் காட்டினார்.

“டேய் நொண்டி! அவன் இல்லடா, நான்தான்! இந்த மூஞ்சிதான்! நல்லாப் பாத்துக்கோ!”

நொண்டி பார்த்தது. பழைய பாக்கி ஞாபகத்துக்கு வந்தது.

டுமீல் ஓடுபாதைக்கு நேர் எதிர்ப்பக்கம், கட்டடத்துக்குப் பின்னால் கார் நிறுத்துகிற இடத்துக்கு ஓடினார். முந்நூறும் பின்னால் வந்தன. விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். கொத்துத் தாங்காமல் முகத்தை மூடினால் அவை சலித்துப்போய் விலகும். விலகினால் விமானம். ஆகவே அவரே மூடிய கையை எடுத்து எடுத்து முகத்தைக் காட்டினார். ஆறு நிமிஷம். வலது காதின் மேல்பாதி போயிற்று. உச்சந்தலையில் எலும்பு தெரிந்தது. கட்டடத்துக்கு அந்தப்பக்கம் சக்கரம் தரையைத் தொடுகிற சத்தம் கேட்டபிறகுதான் ஒரு காரின் கதவைத் திறந்து உள்ளே விழுந்தார். யார் காரோ. சீட்டெல்லாம் நாசம்.

ஆஸ்பத்திரியில் மச்சானுக்கு இமையில் ஏழு தையல். கண் மயிரிழையில் தப்பியது.

“மாப்ள, கண்ணு தெரியுதாடா?”

“தெரியுது மாமா. ஆனா உங்களப் பாக்கத்தான் பிடிக்கல.”

மனைவி இரண்டு கட்டிலுக்கும் நடுவில் நின்றாள். “காதப் பறிகுடுத்துட்டு வந்த உங்களத் திட்டவும் முடியல. கண்ணத் தொலைக்க இருந்தான், இவன விட்டுட்டு அழவும் முடியல. உங்க நிரந்தரத்துல இடி விழ” என்று சொல்லி, இருவருக்கும் ஒரே டம்ளரில் கஞ்சி கொடுத்தாள்.

பெரிய அதிகாரி மூக்கில் கட்டோடு வந்தார். கேட்டது ஒரே கேள்வி: “அந்த ஆறு நிமிஷமும் ஒரு காக்காகூடப் பாதைப் பக்கம் போகலையா?”

“போகலைங்க.”

“ஓஹோ” என்றார்.

இரண்டு வாரத்தில் ஆர்டர் வந்தது. நிரந்தரம்தான். பதவியின் பெயர் ‘பறவை ஈர்ப்பு உதவியாளர்’. ஒவ்வொரு விமானமும் ஏறி இறங்கும்போது கார் நிறுத்துமிடத்தின் கோடியில் போய் நிற்க வேண்டும். டுமீல் ஒரு ஹெல்மெட் கேட்டு மனுப் போட்டார். ‘முகம் மறைந்தால் பணியின் நோக்கம் கெடும்’ என்று திரும்பி வந்தது. கண்ணுக்கு மட்டும், சுற்றுலாப் பயணிகள் மறந்து விட்டுப்போன நீச்சல் கண்ணாடி ஒன்றைக் கொடுத்தார்கள். காக்காய்கள் அதை ஆட்சேபிக்கவில்லை.

துப்பாக்கி மச்சானிடம் போனது. சிரிப்புப் பறவையை இனி ஊரில் எவனும் மாட்டிக்கொள்ளத் தயாரில்லை. அவனுக்கு வேறு வேலையும் இல்லை. ஆறு மாச ஒப்பந்தம். முதல் நாள் காலையில் டுமீல் அவனுக்குத் தன் பழைய துண்டைக் கொடுத்து, “மூக்குக்கு மேல கண்ணு மட்டும் தெரியற மாதிரி கட்டு. அவுக்காத. ஒருதடவை அவுத்து மூஞ்சியக் காட்டுனா அப்புறம் உன் ஆயுசுக்கும் அவுக்க முடியாது” என்றார்.

எட்டே முக்கால். டுமீல் பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். சுவர்மேல் நொண்டி ஏற்கனவே வந்திருந்தது. பின்னால் மற்றவை ஒவ்வொன்றாக வந்து இறங்கின. கட்டடத்துக்கு அந்தப்பக்கமிருந்து முதல் வெடிச்சத்தம் கேட்டது.

நொண்டி தலையைத் திருப்பி ஓடுபாதைப் பக்கம் பார்த்தது. ஒற்றைக் காலில் இரண்டு தத்து தத்தி, இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்தது.

டுமீல் துள்ளி எழுந்தார். நீச்சல் கண்ணாடியைக் கழற்றி எறிந்தார்.

“ஏய்! அங்க என்னடா பார்வை? இங்க பாரு! நான் இங்க இருக்கேன்டா!”