சட்டி மூடியைத் திறந்தவள்

எங்கள் பகுதியில் வீடுவீடாய் வந்து பிள்ளைத்தாச்சிகளைப் பார்க்கும் குடும்பநல மாது ஒல்லியானவள். வெள்ளை உடுப்பு, புழுதி படிந்த கால். எந்த வீட்டுக்குப் போனாலும் கேளாமலே குசினிக்குள் நுழைந்து சட்டி மூடியைத் திறந்து பார்ப்பாள். எனக்கு அது பிடிக்காது.

பிள்ளைத்தாச்சியான என் மகளைப் பார்க்க வந்தவள், பதின்மூன்று வயதுப் பேத்தியின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள். வெளுத்திருந்தது. பிறகு சட்டியைத் திறந்தாள். குழம்பு மட்டும் கிடந்தது.

"இவள் இன்னும் சாப்பிடல்லியே பெத்தா. மீனெங்க?" என்று பாட்டியான என்னைக் கேட்டாள்.

"ஆம்பிளையள் திண்டிட்டாங்க. பிள்ளைத்தாச்சி அங்க இருக்கிறாள், இவளை ஏன்கா பாக்கிறாய்?"

"நாளைக்கு இவளும் பெறுவாள். அந்தப் பிள்ளைக்கு இப்பவே இவள்ற உடம்பில இரத்தம் ஊற வேணும்."

"நானும் கடசியாத் திண்டுதான் ஆறு பெத்தன். செத்தா போனன்?"

"ஆறும் இருக்கா பெத்தா?"

இரண்டைக் கைக்குழந்தைப் பருவத்திலேயே புதைத்தவள் நான். அவளை வெளியே போகச் சொன்னேன். போய்விட்டாள்.

மறுநாள் பேத்தியை முதலில் உட்கார்த்தி, பெரிய மீன்துண்டை அவள் தட்டில் போட்டேன். மருமகன் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன மருமகன் பாக்கிறீங்க? இனி இந்த வீட்டில இவள்தான் முதல்ல தின்னுவாள்."

அந்த மாது கேட்டதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு பிள்ளைகளைப் பற்றி, அவளுக்கு முன் என்னிடம் ஒருவரும் கேட்டதுமில்லை.