கடைசி கேபிள் கார் எத்தனை மணிக்கு?

மேலே ஏன் விலை அதிகம்?

"ராணி, மேல் மாடின்னா எப்பவும் மலிவுதானே? இங்க ஏன் மேலே போகப் போக விலை ஏறுது?"

சரோஜா அக்கா கேட்டது நியாயம்தான். தின்கன்ஜூன் பேட்டையில் அவங்க வீடு ஆறாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பர்மாவில், எங்கள் யாங்கோனில், உயரே போனால் மூச்சு வாங்கும், தண்ணீர் ஏறாது, அதனால் வாடகை குறையும். ஆனால் அன்றைக்கு என் கம்ப்யூட்டரில் இருந்தது ஆல்ப்ஸ் மலையில் ஒரு பனிச்சறுக்கு ஊர். அங்கே எல்லாம் தலைகீழ்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். டிராவல் ஆபீஸில் டீ கொடுக்க வந்து, டிக்கெட் போடக் கற்றுக்கொண்டு, இப்போது சீனியர். ஐஸை ஃப்ரிட்ஜுக்கு வெளியே பார்த்ததில்லை. "தெரியாத ஊரில் எந்த ஏரியாவில் ரூம் போடுறதுன்னு எப்படி அக்கா முடிவு பண்றீங்க?" என்று புதுப் பிள்ளைகள் கேட்பதால் இதை எழுதுகிறேன்.

அக்காவும் அவங்க வீட்டுக்காரர் முருகையா அண்ணனும் போவது பனி பார்க்க இல்லை. மகன் குமார் அங்கே ஒரு ஹோட்டலில் சாப்பாட்டு ஹால் சர்வீஸ். பார்த்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. அவனால் இப்போது இங்கே வர முடியாது. பட்டாளத்துக்குப் பையன்களைப் பிடிக்கிற காலம், ஏன் என்று நம் ஊரில் யாரும் கேட்பதில்லை. இவங்க போனால்தான் உண்டு, அதுவும் பத்து நாள். இன்னொரு தடவை விசா கிடைக்கும் என்று யார் சொல்ல முடியும்?

மூன்று ஏரியா

அந்த மலையில் தங்க மூன்று இடம். உச்சியில் ஒன்று: வாசலைத் திறந்தால் பனி, குமார் வேலை பார்க்கும் ஹோட்டலும் அங்கேதான், போய்வர கேபிள் கார் மட்டும். நடுவில் ஒன்று: கடைத்தெரு, செங்குத்தான ரோடு. அடிவாரத்தில் ஒன்று: ரயில் ஸ்டேஷன், மாதா கோயில், பழைய வீடுகள். பனி விழுந்தால் விழும், இல்லாவிட்டால் சேறு.

எங்கள் பர்மாக்கார முதலாளி கோ தெட் எட்டிப் பார்த்தார். பெண்கள் பேருக்கு முன்னால் மரியாதைக்கு 'மா' போடுவார். "மா ராணி, மேலே போடுங்க. அவ்வளவு தூரம் போயிட்டு அடிவாரத்துல சேத்தைப் பார்த்துட்டு வரவா?"

குமாரும் அதையே சொல்லியிருந்தான். அண்ணன் போனில் அவன் குரலைப் போட்டுக் காட்டினார். "அப்பா, நீங்க மேலேயே தங்கணும். என் ஹாலுக்கு வந்து உக்காருங்க. நானே பரிமாறுறேன். காசைப் பத்திப் பேசாதீங்க."

அண்ணன் அதை இரண்டு தடவை கேட்டார். "பையன் ஆசைப்படுறான்மா. மேலேயே போட்டுடு."

அக்கா ஒன்றுதான் கேட்டாங்க. "ரூம்ல அடுப்பு இருக்குமா?"

"வெள்ளைக்காரன் ஹோட்டல்ல அடுப்பாம்," என்றார் அண்ணன். "நப்பி பாட்டில் எடுத்துட்டுப் போற திட்டமா? அந்த மீன் நாத்தத்துக்குப் பிளேனை இறக்கிடுவான்."

"பிளேனுக்குத் தெரியாது. நான் மூணு பை போட்டுக் கட்டுவேன்."

எனக்குக் கை ஓடவில்லை. நான் கவலைப்படுகிற ஜாதி. அண்ணனுக்கு முழங்கால், அக்காவுக்குப் பிரஷர், ஐஸில் வழுக்கினால் யார் தூக்குவது? ஆனால் உறுத்தியது இதெல்லாம் இல்லை. நான் யாங்கோனுக்கு எதிர்க்கரை டாலாவில் பிறந்தவள். ஆற்றுக்கு அந்தப்பக்கத்துக்காரர்கள் கல்யாண வீட்டுக்குப் போனாலும் முதலில் கேட்பது, கடைசிப் படகு எப்போது என்பதைத்தான். போட்டோ போட்டோவாகப் பார்த்தும் அந்த மலைக்கு அந்தப் பதில் கிடைக்கவில்லை.

போன்

இரண்டு பேரும் டீ குடிக்க இறங்கின நேரம் குமாருக்குப் போன் போட்டேன்.

"தம்பி, மேலே இருந்து கீழே வர்ற கடைசி கேபிள் கார் எத்தனை மணிக்கு?"

"அஞ்சு மணிக்கு அக்கா. ஏன்?"

"உன் வேலை எப்ப முடியும்?"

"காலைலயும் மத்தியானமும்தான். நாலரைக்கு விட்டுடுவாங்க."

"அப்புறம் எங்க இருப்பே?"

"கீழே அக்கா. ஸ்டேஷன் பக்கம். ஸ்டாஃப் ரூம், நாலு பேர். வேலை முடிஞ்சா நாங்க மேலே இருக்கக் கூடாது."

"அப்ப சாயந்திரம் அவங்க மேலே, நீ கீழே. நடுவுல வண்டி இல்லை."

"காலைல ஹால்ல பார்ப்பாங்களே."

"தட்டு தூக்கிட்டு ஓடுறதைப் பார்ப்பாங்க. உக்காந்து பேச முடியுமா?"

"முடியாது." அப்புறம் மெதுவாகச் சொன்னான். "அந்த நாலு பேர் ரூமை அம்மா பார்க்க வேணாம்னு நினைச்சேன் அக்கா."

"ரூமுக்குள்ள வர மாட்டாங்க. பக்கத்துல அடுப்பு வச்ச வீடு ஒண்ணு பார்க்குறேன். நீ சாப்பிட வா. உன் ஆசைக்கு ஒரு ராத்திரி மேலே போடுறேன்."

"அப்பாகிட்ட என்ன சொல்லுவீங்க?"

"முழங்கால்னு சொல்லுவேன். அது பொய்யும் இல்லையே."

சொன்னதும் அண்ணன் முகம் சுருங்கியது. "அவன்தானே மேலேன்னு சொன்னான்?"

"இப்ப அவனே கீழேன்னு சொல்றான் அண்ணே. சாயந்திரமெல்லாம் உங்க கூடவே இருப்பான்."

அக்கா என்னைப் பார்த்தாங்க. "அடுப்பு?"

"இருக்கு அக்கா. ரெண்டு அடுப்பு."

அண்ணன் இரண்டு பாஸ்போர்ட்டையும் என் பக்கம் தள்ளினார்.

சேறு

போய் இறங்கின அன்றைக்கு அடிவாரத்தில் மழை. அண்ணன் அனுப்பிய முதல் போட்டோவில் சேறும் ஒரு குப்பைத் தொட்டியும். கோ தெட் அதைப் பார்த்துவிட்டு, "மா ராணி, இது ஆல்ப்ஸா, நம்ம ஆத்தோரத் தன்லியினா?" என்றார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்புறம் மேலே தங்கின நாள் போட்டோ வந்தது. வெள்ளை விரிப்பு போட்ட மேஜையில் அண்ணன் கோட்டு போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் குமார் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். அவன் ஆசையும் நிறைவேறியது.

திரும்பி வருவதற்கு முன்னால் அண்ணன் பேசி அனுப்பினதை நான் இன்னும் அழிக்கவில்லை.

"ராணி, இங்க ஒண்ணும் வேலை இல்லைம்மா. தினம் சாயந்திரம் கேபிள் கார் ஸ்டேஷன்ல போய் நிக்கிறோம். அவன் கடைசி வண்டியிலதான் வருவான், அது தெரியும். ஆனா உங்க அக்கா மூணு வண்டிக்கு முன்னாலயே தேட ஆரம்பிச்சுடுறா. கண்ணாடிப் பெட்டி ஒவ்வொண்ணையும் பார்த்து, இதுல இல்ல, இதுல இல்லங்கிறா. இப்ப அங்க கதவைத் திறக்குறவனே தெரிஞ்சுக்கிட்டான். குமார் வந்ததும் எங்களுக்குக் கை காட்டுறான்."

பின்னால் அக்கா குரல்: "போதும் பேசினது, வண்டி வருது பாருங்க."

பிள்ளைகளே, நல்ல ஏரியா எது என்று கஸ்டமர் கேட்டால் போட்டோவை அப்புறம் திறங்கள். யாரைப் பார்க்கப் போறீங்க என்று முதலில் கேளுங்கள். அந்த ஆள் சாயந்திரம் எந்தப் பக்கம் இருப்பார், கடைசி வண்டி எப்போது என்று அடுத்துக் கேளுங்கள். மலைக்கும் படகு கேட்கிறாள் என்று ஆபீஸில் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கரையில் நிற்கிறவங்க பக்கம் அவங்க ஆள் வந்து இறங்கணும், அவ்வளவுதான்.