ரோஜாவுக்காக ஒரு பிராது

காலையில் எங்கள் தெருவுக்குள் செடி வண்டி வந்தது. வேடிக்கை பார்க்கத்தான் போனேன். எப்போதும் வேடிக்கை பார்க்கத்தான் போவேன், திரும்பும்போது கையில் ஒரு செடி இருக்கும். ஒரு பன்னீர் ரோஜாவை முகர்ந்ததுமே, கல்யாணமான புதிதில் எங்களுக்குள் வந்த முதல் சண்டை ஞாபகம் வந்துவிட்டது. ரோஜா வாசனைக்குச் சண்டை ஞாபகம் வருகிறது என்றால் என் மூக்கை என்ன சொல்ல!

அப்போது என் வீட்டுக்காரர் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் சூளை வேலை பார்த்தார். வரிசையாக இருந்த ஓட்டு வீடுகளில் கடைசி வீடு எங்களுடையது. கடைசி வீட்டுக்காரர்களுக்குப் பக்கத்தில் கொஞ்சம் மண் தரை கிடைக்கும், அது ஒரு லாபம். மங்கலம்பேட்டைக் கூட்டாளி வீட்டிலிருந்து ஒரு பன்னீர் ரோஜாப் பதியனை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். அவர் எனக்குக் கொடுத்த முதல் பரிசு அது. புடவை பிறகுதான் வந்தது, அதுவும் நான் கேட்டு. கம்பெனியில் கழித்துப்போட்ட, கரண்டு கம்பத்தில் மாட்டும் பீங்கான் இன்சுலேட்டர்களைச் சுற்றிலும் புதைத்துப் பாத்தி கட்டினார். வேலைக்குக் கிளம்பும்போது செடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் சொல்லிக்கொள்வார்.

மழைக்காலம் முடிந்தபோது செடி நெடுநெடுவென்று வளர்ந்து, உச்சியில் மட்டும் சோனியாக ஒரு பூ விட்டிருந்தது. நான் கருவேப்பிலங்குறிச்சிக்காரி. எங்கள் வீட்டில் முருங்கையையே வருஷா வருஷம் தயங்காமல் வெட்டுவார்கள். மார்கழி பிறந்ததும், அவர் வேலைக்குப் போன நேரம் பார்த்துக் கத்தியைத் தீட்டினேன். வெளிப்பக்கம் பார்த்த கணுக்களாகத் தேடி, அதற்கு மேலே சாய்வாக வெட்டி, முழங்கால் உயரத்துக்குக் கொண்டுவந்து, வெட்டுவாயில் சாணியும் அப்பிவிட்டேன்.

சாயங்காலம் வந்தவர் சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை.

"செடி எங்க?"

"அதாங்க இருக்குது."

"இது செடியா? குச்சி!"

"வெட்டுனாத்தாங்க நல்லா தழையும்."

"யாரக் கேட்டு வெட்டுன? கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டப் போறேன் பாரு!"

குறையைத் தாளில் எழுதி கொளஞ்சியப்பர் கோயிலில் கட்டிவிட்டால் நியாயம் கிடைக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. களவுக்கும் சொத்துத் தகராறுக்கும் கட்டுவார்கள். சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டு மேரியக்கா, "தம்பி, பிராதுல என்னான்னு எழுதுவீங்க? ரோஸுக்கு மொட்ட போட்டுட்டாள்னா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் அவருக்கு இன்னும் கோபம் ஏறியது. என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார். உப்பு வேண்டுமென்றாலும் சுவரைப் பார்த்துத்தான் கேட்டார்.

வெளியே நான் தைரியமாகத்தான் இருந்தேன். உள்ளுக்குள் ஒரே சந்தேகம். முருங்கைக்குச் சரி, ரோஜாவுக்கும் அது சரிவருமா? அவர் அசந்த நேரம் அரிசி கழுவின தண்ணீரை ஊற்றி, "தழைச்சிடு தாயி" என்று குச்சியிடம் கெஞ்சுவேன்.

ஒருநாள் விடிந்ததும் வெளியிலிருந்து அவர் குரல்: "ஏம்மா, சீக்கிரம் இங்க வா!" ஓடினேன். மிளகு அளவில், சிவப்பாக ஒரு துளிர். இரண்டு பேரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தோம். பேசக்கூடாது என்பதை அவர் மறந்தே போயிருந்தார். மாசியில் செடி கொள்ளாமல் பூத்தது. என் தலைக்குப் போக மேரியக்கா வீட்டு மாதா படத்துக்கும் போயிற்று.

அதோடு அவருக்குப் பைத்தியம் பிடித்தது. வரிசை வீடுகளின் செடிகளுக்கெல்லாம் அவரே நாவிதர். "சித்திரையில கத்தியத் தொடாத, வாடுன பூவ மட்டும் கிள்ளு. ஆடிக் காத்துல காஞ்ச குச்சிய எடு. மழ விட்டப்புறந்தான் பெரிய வெட்டு" என்று எனக்கே பாடம் நடத்துவார். நானும் புதிதாகக் கேட்பதுபோல் தலையாட்டுவேன்.

இப்போது அந்த ஓட்டு வீடுகளை இடித்து, மாடி கட்டி, தரையெல்லாம் சிமெண்ட் போட்டுவிட்டார்கள். மேரியக்கா மகனோடு பாண்டிச்சேரிக்குப் போய்விட்டார். அந்த நாளில் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஏதாவது ஒரு வாசலிலிருந்து, "சூளைக்காரரே, கொஞ்சம் வந்துட்டுப் போங்க" என்று குரல் வரும். போனவர் வீட்டுக்கு வீடு டீ குடித்துவிட்டு, கையெல்லாம் முள் கீறலோடு, சோறு ஆறி வெகு நேரம் கழித்துத்தான் வருவார். நானும் வாசலில் நின்று திட்டுவேன். இப்போது இருக்கும் தெருவில் எல்லா வீட்டுக்கும் இரும்பு கேட் இருக்கிறது, யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை அவரும் நானும் சோற்றைச் சூடாகவே சாப்பிட்டு முடித்துவிடுகிறோம்.