வெள்ளிக்கிழமை வரச் சொன்னேன்

யுத்த காலம். சென்னையில் குண்டு விழப்போகிறது என்று ஜனங்கள் மூட்டை முடிச்சோடு எங்கள் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் ஓடி வந்து, பயம் தெளிந்து திரும்பிப் போயிருந்த சமயம். நான் திருப்பதியில் ஒரு தாய் சேய் நல நிலையத்தில் ஹெல்த் விசிட்டராக இருந்தேன். சொந்த ஊர் சித்தூர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, சென்னையில் பயிற்சி முடித்து, கஞ்சி போட்ட வெள்ளைப் புடவையும் இருபத்தாறு வயதுமாக வேலைக்கு வந்து சேர்ந்தவள். எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற நினைப்பு மட்டும் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

நிலையம் இருந்தது ரயில் பாதையை ஒட்டிய ஒரு பேட்டையில். சத்திரங்களைப் பெருக்குகிறவர்கள், கல் உடைக்கிறவர்கள், யாத்திரிகர்களின் பெட்டிகளைத் தூக்குகிறவர்கள் குடிசை போட்டுக்கொண்டிருந்த இடம். பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் தெலுங்கு. சண்டை வந்தால் எல்லாரும் இரண்டும் பேசுவார்கள். ஊரில் வசதியுள்ள பெண்மணிகள் சிலர் ஒரு சங்கம் வைத்து, சர்க்கார் உதவியோடு அந்த நிலையத்தை நடத்தினார்கள். பிரசவம் பார்ப்பது, குழந்தைகளை நிறுத்து எடை எழுதுவது, காலையில் பால் ஊற்றுவது எங்கள் வேலை. பால் கிடைத்ததால் பேட்டைக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் பாலாஸ்பத்திரி.

ஒருநாள் சங்கத்துக் காரியதரிசி அம்மாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். சென்னையிலிருந்து ஒரு லேடி டாக்டர் சோதனைக்கு வருகிறாராம். ஏழைகள் இருக்கும் இடங்களில் இப்படிப்பட்ட நிலையங்களால் பிரயோஜனம் உண்டா, எதை வைத்துக்கொள்வது, எதை மூடுவது என்று பார்த்து எழுதப் போகிறாராம். அடுத்த வாரத்தில் வருவார், எந்த நாள் என்று சொல்லவில்லை. “ஏமி சேஸ்தாவோ நாக்கு தெலீது. மன சென்டர் உண்டாலி” என்றார் அம்மாள். நான் என்ன செய்வேனோ அவருக்குத் தெரியாது, நிலையம் இருந்தாக வேண்டும். அதை மூடினால் என் வேலையும் போய்விடும் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

நான் சுறுசுறுப்பானேன். சுவருக்கு வெள்ளையடித்தேன். எடைப் படங்களைப் பிரித்து, கோடு மேலே ஏறிக்கொண்டே போன குழந்தைகளின் படங்களை மட்டும் தேர்ந்து சுவரில் ஒட்டினேன். அந்தக் குழந்தைகளின் தாய்மாரிடம், தினமும் குளிப்பாட்டி மையிட்டு அழைத்து வரச் சொன்னேன். நோஞ்சான் குழந்தைகளின் தாய்மாரிடம், இந்த வாரம் வெயிலில் அலைய வேண்டாம், பாலை ஆள் வைத்து வீட்டுக்கே அனுப்புகிறேன் என்றேன். அதைக் கரிசனம் போலவே சொன்னேன். அவர்களும் என்னை வாழ்த்தினார்கள்.

அலமாரியில் பன்னிரண்டு மீன் எண்ணெய்ப் புட்டிகள் இருந்தன. யுத்தத்தால் சீமையிலிருந்து மீன் எண்ணெய் வருவது நின்று, நம் மேற்குக் கரையில் சுறா ஈரலிலிருந்து எடுத்து அனுப்பிய எண்ணெய். சத்தில்லாத குழந்தைகளுக்கு வேளைக்கு ஒரு கரண்டி கொடுக்க வேண்டியது. நான் அவற்றை லேபிள் முன்பக்கம் தெரிய வரிசையாக நிறுத்தியிருந்தேன். ஒன்றைத் திறந்தால் வரிசை கெட்டுவிடுமே என்று, டாக்டர் வந்து போகட்டும் என விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை காலை ஒரு பெண் வந்தாள். கார்வேட்டிநகரத்துப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, ஒரு சத்திரத்தில் பெருக்குகிறவள். இடுப்பில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. மணல்வாரி அம்மை போட்டு இறங்கி, எலும்பும் தோலுமாக இருந்தது.

“வெளிச்சத்தப் பாக்கவே மாட்டேங்குது நர்சம்மா. மூஞ்சத் தோள்லியே வெச்சிக்கினு கீது. ஒண்ணும் துன்றதும் இல்ல” என்றாள்.

நான் கையில் பசையோடு நாற்காலி மேல் நின்றுகொண்டிருந்தேன். இறங்கவில்லை. குழந்தையின் முகத்தைத் தூக்கிப் பார்க்கவும் இல்லை. கண் வலியாக இருக்கும், மற்றக் குழந்தைகளுக்கு ஒட்டிக்கொள்ளும், வெந்நீரில் துணி நனைத்துத் துடை, வெள்ளிக்கிழமை வா என்றேன். வெள்ளிக்கிழமைக்குள் டாக்டர் வந்து போய்விடுவார் என்பது என் கணக்கு.

“மருந்து ஏதாச்சும் குடுக்கிறீங்களா?” என்று அவள் கேட்டாள். அவள் பார்வை அலமாரி மேல் போனது எனக்குத் தெரிந்தது.

“வெள்ளிக்கிழமை வாம்மா, தரேன்” என்று திரும்பிக்கொண்டேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

டாக்டர் வியாழக்கிழமை வந்தார். குள்ளமான மனுஷி, கையில் ஆண்பிள்ளைக் குடை. அதிகம் பேசவில்லை. சுவரில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மையிட்டு, பளபளவென்று உட்கார்ந்திருந்த குழந்தைகளைப் பார்த்தார்.

“நோஞ்சான் ஒண்ணுகூட இல்லையே. இந்தப் பேட்டையில யாருக்கும் உடம்புக்கே வராதா?” என்று கேட்டார்.

பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். “நாங்க எல்லாரையும் நல்லா கவனிச்சுக்கறோம் டாக்டர்” என்றேன்.

“அப்ப பேட்டைக்குள்ள ஒரு நடை போய்ட்டு வரலாம்” என்று குடையை எடுத்துக்கொண்டார்.

நல்ல தெரு என்று நான் நினைத்த பக்கம் அவரை அழைத்துப் போகப் பார்த்தேன். அவர் எதிர்ப்பக்கம் திரும்பினார். மூன்றாவது குடிசை வாசலில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை, அதன் தலைமேல் ஈரத்துணி. டாக்டர் அப்படியே மண்ணில் உட்கார்ந்து, துணியை விலக்கி, நான் தூக்கிப் பார்க்காத முகத்தைத் தூக்கினார்.

இடது கண்ணின் கருவிழி வெந்த ஜவ்வரிசி மாதிரி வெளுத்துக் குழைந்து கிடந்தது. வலது கண் ஈரமே இல்லாமல் மங்கியிருந்தது. அது கண் வலி இல்லை. சத்துக் குறைவால் கண் உலர்ந்து அழுகும் வியாதி. பயிற்சியில் படம் போட்டுச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். திங்கட்கிழமை அந்தப் புட்டிகளில் ஒன்றைத் திறந்திருந்தால் இரண்டு கண்ணும் தப்பியிருக்கலாம்.

“எத்தனை நாளா இப்படி?” என்று டாக்டர் அவளைக் கேட்டார்.

“ஒரு வாரமா கீதும்மா.”

“பக்கத்துலயே நிலையம் இருக்கு. நர்ஸ் இருக்கா. ஏன் கொண்டுபோய்க் காட்டலை?”

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சொல்லப் போகிறாள், என் கதை இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

“வேலைக்குப் போய்க்கினு இருந்தேம்மா. ஒழியல. என் தப்புதான்” என்றாள்.

டாக்டர் குரலை உயர்த்தவில்லை. ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் சுருக்கென்று தைக்கும்படி பேசினார். பெற்றவளுக்கே அக்கறை இல்லாவிட்டால் சர்க்கார் எத்தனை நிலையம் வைத்து என்ன என்றார். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அதோடு விட்டேனா? டாக்டர் என் பக்கம் திரும்பியதும், “எவ்வளவு சொன்னாலும் இவங்க கேக்கறதில்ல டாக்டர்” என்றேன்.

இதை எழுதும்போது இப்போதும் முகம் எரிகிறது. வேலைக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டதற்கு ஏதாவது சமாதானம் சொல்லலாம். வாயைத் திறந்து அப்படிப் பேசியதற்கு என்ன சமாதானம் சொல்வது?

ஓடிப்போய் ஒரு புட்டியைக் கொண்டு வந்தேன். டாக்டர் முன்னால்தான் மூடியின் அரக்கை உடைத்தேன். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. குழந்தைக்கு முதல் கரண்டி எண்ணெயை அவரே ஊட்டினார், வலது கண் பிழைக்கலாம், இடது கண் போனது போனதுதான் என்றார். அவர் சொன்னபடியே ஆயிற்று.

அன்று சாயங்காலம் நான் மட்டும் அந்தக் குடிசைக்குப் போனேன். அவள் எண்ணெயை அளந்து குழந்தைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. அவள் என்னைப் பார்க்காமலேயே பதில் சொன்னாள்.

“எனக்கு ஆறாம் மாசம் நடக்குது. போன பிரசவத்துல சொல்ல முடியாத கஷ்டப்பட்டுட்டேன். இவ கண்ணு போச்சு. உன்ன மாட்டிவுட்டு, நீயும் போய்ட்டா என் பிரசவத்துக்கு யாரு வருவாங்க?”

முதல் தடவையாக என்னை நீ என்றாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து அறிக்கை வந்தது. எங்கள் நிலையம் நன்றாக நடக்கிறது, தொடர்ந்து நடத்தலாம் என்று இருந்தது. தாய்மார்களின் அறியாமையும் அலட்சியமுமே பெரிய தடை என்று எழுதி, உதாரணத்துக்கு அந்தக் குழந்தையின் கண்ணைச் சொல்லியிருந்தது. காரியதரிசி அம்மாள் அதை எல்லார் முன்னிலையிலும் படித்துக் காட்டினார், எனக்கு மாலை போடாத குறை. டாக்டருக்கு உண்மையை எழுதிவிடுவது என்று இரண்டு முறை கடிதம் எழுத உட்கார்ந்தேன். இரண்டையும் நானே கிழித்துப் போட்டேன்.

அவளுக்கு நான்தான் பிரசவம் பார்த்தேன். ஆண் குழந்தை, சுகப் பிரசவம். வலியில் எல்லாப் பெண்களையும் போல அவளும் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியை என்னால் தாங்க முடியவில்லை. அதற்குப் பிறகு சர்வீஸ் முடியும்வரை, குழந்தையைத் தூக்கிக்கொண்டு எவள் வந்தாலும் முதலில் அதன் முகத்தைத் தூக்கிப் பார்த்தேன். நல்ல நர்ஸ் என்று பெயரும் எடுத்தேன். அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

பெற்ற பிள்ளையின் கண்ணை அலட்சியத்தால் போக்கியவள் என்று அவளைச் சொல்லும் அந்த அறிக்கை இன்னும் ஏதோ ஒரு அலமாரியில் இருக்கும். அது பொய் என்று தெரிந்தவர்களில், சொன்னால் நாலு பேர் நம்பக்கூடிய ஒரே ஆளான நான், அதைச் சொல்ல இத்தனை வருஷம் எடுத்துக்கொண்டேன்.